இணையத்தளங்கள் எத்தனை வகை? ஒரு பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் அவளின் அம்மாவுக்கும்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்கா இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அவரின் மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் "இணையத்தளங்களின் வகைகளும் அவற்றின் நோக்கங்களும்" என்று ஒரு ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். ரியூசன் குறிப்பில் பன்னிரண்டு வகை இருக்கிறதாம். பிள்ளை பாடமாக்கிவிட்டாள், ஆனால் போனில் ஒரு தளத்தைத் திறந்து இது எந்த வகை என்று கேட்டால் விழிக்கிறாள். இரண்டாவது கேள்வி அக்காவினுடையது. வீட்டிலிருந்து முறுக்கு, பயற்றம் பணியாரம், அரியதரம் செய்து விற்கிறார். "எனக்கும் ஒரு வெப்சைட் வேணுமா? வேணுமென்றால் எப்படிப்பட்டது?"

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாக நான் செய்கிற வேலை இணையத்தளம் செய்து கொடுப்பதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா, முதலில் மகளின் கேள்வியை எடுப்போம். குறிப்பில் இருக்கும் பன்னிரண்டும் பிழையில்லை. செய்தித் தளம், கல்வித் தளம், வணிகத் தளம், அரச தளம், சமூக வலைத்தளம் என்று போகும் அந்தப் பட்டியலை நானும் பார்த்திருக்கிறேன். அது தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்த பட்டியல். பிள்ளைக்குச் சிக்கல் வருவது அங்கேதான். புறக்கோட்டையில் நடந்தால் தெருவே சொல்லிவிடும்: செட்டியார் தெரு என்றால் நகை, முதலாம் குறுக்குத் தெரு என்றால் மின்சாரச் சாமான், கெபோஸ் லேன் என்றால் மூலிகையும் மருந்துச் சரக்கும். கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனாலும் கெபோஸ் லேனை மூக்கு கண்டுபிடித்துவிடும். இணையத்தில் தெருவும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு அரச திணைக்களத்தின் பக்கமும், அதைப்போல வேஷம் போட்ட பக்கமும் அதே கையகலத் திரையில்தான் திறக்கும்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் ஒரு கேள்வியைத்தான் முன்னால் வைப்பேன். இந்தத் தளம் ஓடுவதற்கு யார் காசு கொடுக்கிறார்கள், பதிலுக்கு என்னிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார்கள்? எந்தத் தளத்துக்கும் செலவு இருக்கிறது. தளத்தை வைத்திருக்கும் கணினியான சேர்வருக்கு வாடகை, தளத்தின் பெயருக்கு வருடக் கட்டணம், எழுதுகிறவருக்குச் சம்பளம். அதை யாரோ ஒருவர் தாங்குகிறார். அது யார் என்று பிடித்துவிட்டால் நோக்கமும் கூடவே பிடிபடும்.

உலகத்தின் முதல் இணையத்தளத்திலேயே இதைப் பார்க்கலாம். டிம் பேர்னர்ஸ்-லீ சுவிற்சர்லாந்தில் சேர்ன் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது அமைத்தது, 1991இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. அந்தத் தளம் எதையும் விற்கவில்லை. உலகளாவிய வலை என்றால் என்ன, அதை எப்படிப் பாவிப்பது என்று வெறும் எழுத்தில் விளக்கியது, அவ்வளவுதான். ஆய்வுகூடம் செலவைப் பார்த்துக்கொண்டது, தகவல் பரவவேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அந்தத் தொழினுட்பத்தை யாரும் கட்டணமில்லாமல் பாவிக்கலாம் என்று சேர்ன் அறிவித்தது. அடுத்த வருடமே அமேசன் நிறுவனம் உருவாகி, 1995இல் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிவிட்டது. தகவல் சொல்லும் தளம், பொருள் விற்கும் தளம் என்ற பெரிய பிரிவு அப்போதே வந்துவிட்டது.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம்.

எங்கள் வீடுகளில் மிகப் பதற்றத்தோடு திறக்கப்படும் தளம் பரீட்சைத் திணைக்களத்தினுடையதுதான். சாதாரண தரப் பெறுபேறு வந்த ஒரு நாள், எங்கள் மாடியில் இருக்கும் பையன் என் கணினியில்தான் பார்த்தான். சுட்டெண்ணின் கடைசி இலக்கத்துக்கு வந்ததும் அவன் விரல் நின்றுவிட்டது. பின்னால் அவன் அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். "அடி தம்பி, வாறது வரட்டும்" என்று அவர்தான் சொன்னார். அடித்தான். ஒன்பது பாடமும் வரிசையாக வந்தது.

அந்த வரிசையில் உங்கள் மகளுக்கு ஒரு பாடமே இருக்கிறது. அந்தப் பையனின் பெறுபேற்றுப் பக்கம் முன்கூட்டியே எழுதி எங்கேயும் வைக்கப்பட்டிருக்கவில்லை. அவன் சுட்டெண்ணைக் கொடுத்த பிறகு, சேர்வர் தரவுத்தளத்தில் அந்த எண்ணைத் தேடி எடுத்து, அந்த நொடியில் அவனுக்காக ஒரு பக்கத்தைக் கட்டி அனுப்பியது. இதை இயங்குநிலைத் தளம் என்பார்கள். யார் திறந்தாலும் ஒரே பக்கம் வந்தால் அது நிலையான தளம். ஒரு கோவில் திருவிழாவின் நிகழ்ச்சி நிரல் போட்ட பக்கம் நிலையானது. வங்கிக் கணக்கு, ரயில் ஆசனப் பதிவு, பெறுபேறு எல்லாம் இயங்குநிலை. ஒப்படையில் இந்தப் பிரிவைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இது உள்ளடக்கத்தைப் பார்க்காது, தளம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கும். அதனால் எந்த வகைத் தளத்துக்கும் பொருந்தும்.

அரச தளங்களின் நோக்கம் இரண்டு. ஒன்று சேவை, மற்றது அறிவித்தல். அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி வருகிறது, தமிழிலும் வருகிறது. அரச வேலை வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சை அறிவித்தல்களும் அதில்தான் வெளிவரும். யாரோ பகிர்ந்த படத்தை நம்பி விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது, வர்த்தமானியைத் திறந்து பார், திகதியும் தகைமையும் அங்கே இருக்கும் என்பதுதான். பாடசாலைப் புத்தகம் தொலைந்துவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து பீடிஎப் ஆக இறக்கலாம், காசு கேட்கமாட்டார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தையும் இந்தப் பீடிஎப்களையும் வைத்து எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். இதற்கெல்லாம் செலவு வரிப்பணம். அதாவது, நீங்கள் பருப்பு வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனால் பல அரச தளங்களில் "தமிழ்" என்ற பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழில் இருக்கிறது, உள்ளே போனால் பழைய அறிவித்தலோ வெற்றுப் பக்கமோ வருகிறது. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுகிறோம். அப்படிப் போகாமல், தமிழ்ப் பக்கம் எப்போது வரும் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் பதில் சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், சில இடங்களில் மாற்றம் வந்திருக்கிறது.

இப்போது வேஷம் போட்ட தளங்கள். கனடாவிலிருந்து ஒரு மச்சாள் குடும்பத்தோடு வர இருந்தார். இலங்கை விசா என்று கூகிளில் தேடியிருக்கிறார். முதலாவதாக வந்ததைத் திறந்தார். சிங்கக்கொடி இருக்கிறது, கடற்கரைப் படம் இருக்கிறது, படிவம் இருக்கிறது. நான்கு பேருக்கும் நிரப்பி, கார்ட்டில் கட்டிவிட்டார். பிறகு என்னிடம் காட்டினார். அது குடிவரவுத் திணைக்களத்தின் தளமே இல்லை. நடுவில் நின்று படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் ஒரு தனியார் முகவரின் தளம், உரிய கட்டணத்துக்கு மேல் தன் கட்டணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டது. பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் "நாங்கள் அரச நிறுவனம் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மச்சாள் படித்தவர், வங்கியில் வேலை செய்கிறவர். அவருக்கே இது நடந்தது. ஏனென்றால் கூகிளில் மேலே வருவதில் சில, காசு கட்டி வைத்த விளம்பரம். அதைக் காட்டும் சொல் சின்னதாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு கை வைத்தியம் இருக்கிறது, மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். முகவரியை வலது பக்கத்திலிருந்து படிக்கவேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் சாய்கோடு வரும் இடத்தைப் பாருங்கள். அதற்குச் சற்று முன்னால் "டொட் ஜீ-ஓ-வீ டொட் எல்-கே" என்று முடிந்தால் அது இலங்கை அரசின் முகவரி, அரச நிறுவனங்களுக்கு மட்டுமே அந்தப் பெயர் கொடுக்கப்படும். அதே எழுத்துகள் நடுவில் வந்து, கடைசியில் "டொட் கொம்" என்றோ வேறு ஏதோ என்றோ முடிந்தால் அது யாரும் வாங்கக்கூடிய பெயர். "ஜீ-ஓ-வீ" க்கும் "எல்-கே" க்கும் நடுவில் புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு இருந்தாலும் அப்படித்தான். கண் இடமிருந்து வலமாகப் படிப்பதால், முன்னால் தெரிந்த பெயரை வைத்து ஏமாற்றுகிறார்கள்.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று ரியூசன் குறிப்பில் இருக்கும். அந்தப் பூட்டு சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. திருடனும் இலவசமாக அந்தச் சான்றிதழை வாங்கலாம். மக்கள் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று 2023இல் குரோம் உலாவியே பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு அடையாளம் போட்டது.

அடுத்தது அறிவுத் தளங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்றுதான் போவேன். விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது, தமிழ் விக்கிப்பீடியா 2003இல். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. இன்று தமிழில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1998 பொங்கலில், மதுரைத் திட்டம் தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக ஏற்றினார்கள். உங்கள் மகள் தமிழ் இலக்கிய நயம் எடுத்திருந்தால் அவளுக்கு வேண்டிய செய்யுள்களில் பல அங்கே முழுதாகக் கிடைக்கும்.

எங்களுக்கென்று இருப்பது நூலகம் தளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகள் உட்பட. ஒரே ஒரு பிரதிதான் இருந்தது என்றால், அது எரிந்தால் முடிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கோவில் சிறப்பு மலர்கள் என்று கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார், எண்பது வயது தாண்டியவர். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார் என்று சொல்வார், வீட்டில் ஒரு பிரதியும் இல்லை, இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து இதழ் இதழாகத் தேடினோம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, மஞ்சள் படிந்த பக்கம், ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை, மேலே அவர் அப்பாவின் பெயர். ஐயா திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இதைக் கடதாசியில் எடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன், நான்கு பிள்ளைகளுக்கும்.

ஆவணக் காப்பகம் என்ற வகையைக் குறிப்பில் ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அதன் நோக்கம் என்ன என்று மகள் எழுதும்போது, அந்தக் கடதாசியை நினைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

செய்தித் தளங்களில் இரண்டு சாதி இருக்கிறது. பத்திரிகையாகப் பிறந்து பின்னர் இணையத்துக்கு வந்தவை ஒன்று. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. இப்படிப்பட்டவற்றுக்கு ஆசிரியர் குழு இருக்கிறது, முகவரி இருக்கிறது, பிழை விட்டால் போய்க் கேட்க ஒரு கதவு இருக்கிறது. மற்றவை இணையத்திலேயே பிறந்தவை. அவற்றிலும் நேர்மையாக நடப்பவை உண்டு. ஆனால் முழுக்க விளம்பர வருமானத்தில் ஓடுகிற தளத்துக்கு நீங்கள் செய்தியைத் தெரிந்துகொள்வதைவிட, பக்கத்தைத் திறப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு திறப்புக்கும்தான் காசு. அதனால் "கொழும்பில் நடந்த பயங்கரம், அதிர்ந்த மக்கள்" என்று தலைப்பு வரும். திறந்தால் எங்கோ ஒரு லொறி குடைசாய்ந்திருக்கும். "எம்மைப் பற்றி" என்ற பக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஆசிரியர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை என்றால், அங்கே படித்ததை இன்னொரு இடத்தில் உறுதிசெய்யாமல் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம்.

விற்பனைத் தளங்களைப் பற்றி உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் குறிப்பில் "வணிகத் தளம்" என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு விதமான வியாபாரத்தைப் போட்டு அடைத்திருப்பார்கள். கடைக்காரரே நடத்தும் தளம் ஒன்று. பொருளும் அவருடையது, பொறுப்பும் அவருடையது. அடுத்தது டராஸ் மாதிரி சந்தைத் தளம். பல வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ் விற்பார்கள், தளம் காசை வாங்கிக் கொடுத்து, பொருளை அனுப்ப வழி செய்து, நடுவில் ஒரு பங்கை எடுக்கும். பொருளில் பிழை என்றால் திருப்பி அனுப்புவதற்குத் தளம் ஒரு முறை வைத்திருக்கும், ஆனால் விற்றவர் யார் என்று நீங்கள் பெயர் பார்த்து வாங்கவேண்டும். மூன்றாவது இக்மன் போன்ற விளம்பரத் தளம். சிங்களத்தில் இக்மன் என்றால் அவசரம், விரைவு. 2012இல் தொடங்கியது. அதில் போன் விற்கிறவரும் வாங்குகிறவரும் சந்திக்கிறார்கள், அவ்வளவுதான். பத்திரிகையில் வரும் வரி விளம்பரத்தின் இணைய வடிவம் அது. வாடகை வீடு என்று பார்த்து, வீட்டைப் பார்க்காமல் முற்பணம் அனுப்பிவிட்டு, பிறகு தளத்தை நோகிறவர்களை எனக்குத் தெரியும். வகையைத் தெரிந்திருந்தால் அந்தக் காசு போயிருக்காது. விளம்பரத் தளத்தில் நேரில் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். கடை எதுவானாலும், இணையத்தில் வாங்கியதானாலும், முறைப்பாடு என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

வங்கித் தளம், மின்னஞ்சல், டிக்கெட் பதிவு இவற்றையெல்லாம் நான் செயலித் தளங்கள் என்று ஒரே கூடையில் போடுவேன். வாசிக்க யாரும் போவதில்லை, ஒரு வேலையை முடிக்கப் போகிறோம். வங்கியின் முகவரியை நீங்களே அடித்துத் திறக்கவேண்டும், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை அழுத்தித் திறக்கக்கூடாது. ஓடிபி எண்ணை வங்கியில் வேலை செய்கிறவர் என்று சொல்லி யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பொழுதுபோக்குத் தளங்களைப் பற்றி மகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் என்னைவிடத் தெரியும். தேடுபொறியும் ஒரு தளம்தான் என்பதை மட்டும் சேர்த்து எழுதட்டும். நிறையப் பேர் கூகிளையே இணையம் என்று நினைக்கிறார்கள். அது வழி காட்டுகிற இடம். வழி காட்டும்போது விளம்பரமும் காட்டிக் காசு பார்க்கிறது, மச்சாளின் கதை அங்கேதான் தொடங்கியது.

இனி சமூக வலைத்தளம், அதிலிருந்து அப்படியே உங்கள் கேள்விக்கு வந்துவிடுகிறேன் அக்கா.

உங்களுக்கு முகநூலில் ஒரு பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன், வட்ஸ்அப்பில் ஓடர் எடுப்பீர்கள். அதை விடவேண்டாம், உங்கள் வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் வாடகைக் கடை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் போராட்டத்தின்போதும் இந்த நாட்டில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. 2019இல் அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த ஒரு கேக் செய்கிற தங்கச்சி, ஓடர் கொடுத்தவர்களின் பெயரும் இலக்கமும் எல்லாம் முகநூல் செய்திப் பெட்டிக்குள் இருக்க, திறக்க முடியாமல் அழுதாள். ஊரே துக்கத்தில் இருந்த நேரம், கேக் வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்கு வழி இருக்கவில்லை. ஆனால் சாதாரண இணையத்தளங்கள் அப்போதும் திறந்தன. அதனால் உங்களுக்கென்று ஒரு தளம் வேண்டும் என்றுதான் சொல்வேன். சின்னது போதும்.

எவ்வளவு சின்னது? ஒரே ஒரு பக்கம். புறக்கோட்டையில் மிளகாய், மல்லி மொத்தமாக விற்கிற ஒரு முதலாளிக்கு நான் தளம் செய்தேன். மகனுக்கு வங்கிக் கார்ட்டில் காசு கட்டும் வசதி, வாங்கும் பொருளைச் சேர்த்து வைக்கும் வண்டில் படம், உறுப்பினர் கணக்கு எல்லாம் வேண்டும். செய்தோம். ஒரு வருடம் கழித்துக் கணக்கைப் பார்த்தால், வருகிறவர்கள் எல்லோரும் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தொலைபேசி இலக்கத்தை அழுத்திவிட்டுப் போகிறார்கள். கார்ட்டில் வாங்கியவர்கள் ஒரு கை விரலுக்குள். இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விலைப் பட்டியல், இலக்கம், கடைக்கு வரும் வழி மூன்றையும் மட்டும் வைத்தோம். இன்றும் அதுதான் ஓடுகிறது. கார்ட்டில் காசு வாங்குவதென்றால் வங்கியோ, கார்ட் காசை இணையத்தில் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனமோ பெரும்பாலும் வியாபாரப் பதிவைக் கேட்கும், ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கும் போகும். ஒரு கிலோ முறுக்குக்கு அது இப்போது தேவையில்லை.

உங்கள் பக்கத்தில் என்ன பலகாரம், அரைக் கிலோ என்ன விலை, எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும், எந்தப் பகுதிக்குக் கொண்டுவந்து தருவீர்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று எழுதுங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்பதையும் போடுங்கள், கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பார்கள். இது நிலையான தளம், மகள் ஒப்படையில் எழுதப்போகிறாளே, அதே வகை. இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்ரிஎம்எல் அவளின் பாடத்திலேயே வருகிறது, அவளாலேயே செய்ய முடியும். மாட்டிக்கொண்டால் நான் பார்க்கிறேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். தளத்தின் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். வெள்ளவத்தையில் ஒரு தையல் கடை எட்டு வருடம் பாவித்த பெயரை இழந்தது. தளம் செய்து கொடுத்த பையன் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டான், புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் எல்லாம் அவனுடைய பழைய முகவரிக்குப் போனது. பெட்டி, பில், பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அச்சடித்த பெயர். அதை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். எல்-கே பெயர்களை வழங்குவது இங்கேயே இருக்கும் எல்-கே டொமைன் பதிவகம். 2010இலிருந்து முகவரியைத் தமிழிலேயே ".இலங்கை" என்று முடியும்படியும் எடுக்கலாம். பெட்டியில் தமிழில் அச்சடித்தால் அழகாக இருக்கும், விரும்பினால் யோசித்துப் பாருங்கள்.

மற்றது எழுத்து. யாராவது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துத் தந்தால் அதை அப்படியே தளத்தில் போடவேண்டாம். பாமினி இல்லாத போனில் உங்கள் அரியதரம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். கூகிளுக்கும் அது தமிழ் என்றே தெரியாது, அரியதரம் என்று தேடுகிறவருக்கு நீங்கள் கிடைக்கமாட்டீர்கள். எல்லாப் போனும் கணினியும் விளங்கிக்கொள்ளும் பொது எழுத்து முறையான யுனிகோடில் அடியுங்கள், போனில் தமிழ் விசைப்பலகையில் அடித்தாலே அது யுனிகோட்தான். பாமினியில் இருப்பதை மாற்றித் தரும் இலவசத் தளங்களும் இருக்கின்றன.

படங்களை இரவு மின்விளக்கில் எடுக்காதீர்கள், முறுக்கு கறுத்துப்போய்த் தெரியும். காலையில் யன்னலோரம் ஒரு வெள்ளைத் துணி விரித்து, சுட்டு ஆறிய உடனே எடுங்கள். ஒன்றை உடைத்து, உள்ளே துளை தெரிகிற மாதிரியும் ஒரு படம் இருக்கட்டும்.